எலிவேஷன் ஆஃப் பிரிவிலேஜ்: டிசைன் டேபிளில் ஒரு சீட்டுக்கட்டு

சீட்டுக்கட்டு அச்சடித்த பில்லை ஆபீஸ் செலவில் எழுதிய முதல் ஆள் எங்கள் கம்பெனியில் நானாகத்தான் இருப்பேன். அக்கவுண்ட்ஸில் இருப்பவர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை எந்த ஹெட்டுலீங்க போடறது?" என்றார். டிசைன் டூல் என்று போடச் சொன்னேன். ஒரு ஆசிலோஸ்கோப் எவ்வளவு டூலோ அவ்வளவு இதுவும் டூல்தான் என்பது என் கட்சி.

கட்டின் பெயர் 'எலிவேஷன் ஆஃப் பிரிவிலேஜ்'. ஒரு சாதனமோ சாஃப்ட்வேரோ இன்னும் படமாக இருக்கும்போதே அதை எப்படியெல்லாம் தாக்கலாம் என்று கண்டுபிடிப்பதற்காக ஆடும் ஆட்டம். மைக்ரோசாஃப்டில் இருந்தபோது ஆடம் ஷோஸ்டாக் உருவாக்கி 2010-ல் வெளிவந்தது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் கோப்பை இலவசமாக இறக்கி யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். அச்சடித்த கட்டையே விற்பவர்களும் உண்டு. மொத்தம் 74 சீட்டு, ஆறு ஜாதி. இஸ்பேட், ஆட்டின் இருக்கும் இடத்தில் இங்கே ஸ்பூஃபிங், டாம்பரிங், ரெப்யூடியேஷன், இன்ஃபர்மேஷன் டிஸ்க்ளோஷர், டினயல் ஆஃப் சர்வீஸ், எலிவேஷன் ஆஃப் பிரிவிலேஜ். அதாவது ஆள்மாறாட்டம், கைவைத்து மாற்றுவது, செய்துவிட்டு இல்லை என்று சாதிப்பது, தகவல் கசிவது, சேவையை முடக்குவது, இல்லாத அதிகாரத்தை எடுத்துக்கொள்வது. இந்த ஆறும் புதிதல்ல. 1999-ல் அதே மைக்ரோசாஃப்டில் லோரன் கோன்ஃபெல்டரும் பிரேரித் கார்கும் எழுதிய ஸ்டிரைட் (STRIDE) வரிசைதான், ஆறின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்த பெயர். ஷோஸ்டாக் செய்தது அதைச் சீட்டாக்கியது.

ஆட்டம் நமக்குப் பழகியதுதான். சீட்டைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். டாம்பரிங் மூன்று யார் கையில் இருக்கிறதோ அவர் இறக்கித் தொடங்குவார். ஜாதி இருந்தால் அதே ஜாதிதான் போட வேண்டும், இல்லாவிட்டால் வேறு போடலாம். எலிவேஷன் ஆஃப் பிரிவிலேஜ் துருப்பு. பெரிய சீட்டு சுற்றைப் பிடிக்கும். இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடத் தெரிந்த யாருக்கும் விதியை விளக்க வேண்டியதில்லை. வித்தியாசம் ஒன்றுதான்: சீட்டை இறக்கும்போது அதில் எழுதியிருக்கும் தாக்குதலைச் சத்தமாகப் படித்து, நாம் வடிவமைக்கும் சாதனத்தின் படத்தில் அது எந்த இடத்தில் நடக்கும் என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும். காட்டினால் ஒரு புள்ளி, சுற்றைப் பிடித்தால் இன்னொரு புள்ளி. காட்ட முடியாவிட்டால் புள்ளி கிடையாது, ஆட்டம் நகரும்.

நாங்கள் வைத்து ஆடிய படத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்த விமர்சனமே புரியாது. கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப் தொழிலில் இருப்பவர்களுக்கு மொபைல் ஸ்டார்ட்டர் தெரிந்திருக்கும். தோட்டத்தில் த்ரீ ஃபேஸ் கரண்ட் எப்போது வரும் என்று தெரியாது. நடுச்சாமத்தில் வந்தாலும் எழுந்து போய் மோட்டார் போட வேண்டும். அதற்காக ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. விவசாயி மிஸ்டு கால் கொடுத்தால் அல்லது எஸ்.எம்.எஸ். அனுப்பினால் மோட்டார் ஓடும், நிற்கும். ஃபேஸ் போனால், தண்ணீர் இல்லாமல் ஓடினால் தானாக நிறுத்திக்கொள்ளும். நாங்கள் அடுத்த தலைமுறைக்கான டிசைனில் இருந்தோம்: மொபைல் ஆப், சர்வர், டீலர் கடைக்கு ஒரு லாகின், காற்றிலேயே ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் சாஃப்ட்வேர்) அப்டேட். பழைய பெட்டியில் இருந்தது ஒரு விவசாயியும் ஒரு மோட்டாரும். புதியதில் விவசாயி, அவர் மகன், டீலர், டீலர் கடைப் பையன், எங்கள் சர்வீஸ் ஆள், சர்வர், சிம் கம்பெனி என்று படம் ஒரு ஏ3 தாளை நிரப்பியது. சர்க்யூட் படமான ஸ்கீமாட்டிக் இன்னும் ஃப்ரீஸ் ஆகவில்லை. பெட்டியின் பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சு, அதாவது டை, இன்னும் வெட்டவில்லை. இந்த ஆட்டத்துக்கு அதுதான் சரியான நேரம்.

ஒரு பிற்பகல் முழுக்க ஆறு பேரைச் சீட்டாட உட்கார வைக்க வேண்டும் என்றால் மேலிடத்தில் யாரும் உடனே சரி என்று சொல்லமாட்டார்கள். நான் ஜீப் கதையைச் சொன்னேன். 2015-ல் சார்லி மில்லரும் கிறிஸ் வாலசெக்கும் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப் செரோகியை வீட்டில் உட்கார்ந்தபடி மொபைல் நெட்வொர்க் வழியாகப் பிடித்து வேகத்தைக் கொன்றார்கள். வண்டியின் பாட்டுப்பெட்டி, மொபைல் நெட்வொர்க்கில் 6667 என்ற போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து இணையும் வாசலை, திறந்து வைத்திருந்தது. அங்கிருந்து உள்ளே போய், பிரேக்கும் இன்ஜினும் பேசிக்கொள்ளும் கேன் பஸ் வரைக்கும் வழி இருந்தது. 14 லட்சம் வண்டிகளுக்கு ரீகால். சரிசெய்த சாஃப்ட்வேரை யூ.எஸ்.பி. டிரைவில் போட்டு உரிமையாளர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். சிம் இருக்கும் பெட்டிக்கும் பிரேக்குக்கும் நடுவில் யார் காவல் என்பது, படம் தாளில் இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எங்கள் பெட்டியிலும் ஒரு பக்கம் சிம், மறுபக்கம் சுற்றுகிற மோட்டார். பிற்பகல் கிடைத்தது.

இனி ஆட்டம். முதல் சில சுற்று மந்தம்தான். சர்வர் எழுதும் பையன்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால் யாரும் தடுக்கவில்லை என்ற சீட்டுக்கு லாகின் பக்கத்தைக் காட்டினார்கள். சரிதான், ஆனால் இதற்குச் சீட்டு வேண்டாம்.

ரெப்யூடியேஷன் ஜாதி இறங்கியபோது ஆட்டம் சூடு பிடித்தது. 'நான் செய்யவே இல்லை' என்று தாக்குபவர் சொன்னால் அதை மறுக்க உங்களிடம் ஆதாரம் எதுவுமில்லை, இதுதான் சீட்டு. சர்வர் பையன் பேங்க் உதாரணம் ஒன்றைச் சொல்லி இழுத்துக்கொண்டிருந்தான். அதுவரை வாயே திறக்காமல் இருந்த எங்கள் சர்வீஸ் அண்ணன் சீட்டை வாங்கிப் பார்த்தார். "ஹேக்கரெல்லாம் எவனும் தோட்டத்துக்கு வரமாட்டானுங்க மேடம். பங்காளிதான் வருவான்" என்றார்.

"ஒரே கெணறு, மூணு பங்கு. இன்னைக்கு எனக்கு, நாளைக்கு உனக்குன்னு முறை. ராத்திரி இவன் முறையில அவன் ஓட்டிப்போட்டு, காலைல கேட்டா 'நான் போடவே இல்லை, மெஷின் தானா ஓடுச்சு'ம்பான். பஞ்சாயத்துக்கு என்னையக் கூப்புடுவாங்க. பெட்டியத் தெறந்து பாத்தா என்னங்க இருக்கு? ஒண்ணுமில்லை."

அதன்பிறகு ஒரு மணி நேரம் யாரும் போனைத் தொடவில்லை. பதிவு வேண்டும். எந்த எண்ணிலிருந்து, எத்தனை மணிக்கு மோட்டார் ஓடியது என்று பெட்டிக்குள்ளேயே பதிவு வேண்டும், சிக்னல் இல்லாத நேரத்திலும். சரி, கரண்ட் போனாலும் அழியாத ஃப்ளாஷ் மெமரியில் எழுதிவிடலாம். மணி? மணியை யார் சொல்வது? நெட்வொர்க் சொல்லும் நேரத்தை எல்லா டவரையும் நம்பி எடுக்க முடியாது. கரண்ட் போனால் பெட்டியும் போய்விடும். எங்கள் பிளாக் டயகிராமில் கடிகாரம் என்று ஒரு கட்டமே கிடையாது.

சில சுற்று கழித்து டாம்பரிங் ஐந்து விழுந்தது. நேரமோ வரிசை எண்ணோ வைக்காததால் பழைய தகவலையே மறுபடி அனுப்பி ஏமாற்றலாம் என்கிறது அந்தச் சீட்டு. என் கையில்தான் இருந்தது. நான் படத்தில் எஸ்.எம்.எஸ். போகும் கோட்டின் மேல் விரலை வைத்தேன். இதற்குத் தாக்குபவரே வேண்டாம். கரண்ட் இல்லாமல் பெட்டி அணைந்து கிடக்கும்போது விவசாயி 'ஆன்' என்று அனுப்புகிறார். செய்தி சிம் கம்பெனியின் சர்வரில் காத்துக் கிடக்கும். அவர் வேறு வழி பார்த்துக்கொண்டு போய்விடுகிறார். பல மணி நேரம் கழித்துக் கரண்ட் வருகிறது, பெட்டி விழிக்கிறது, செய்தி வந்து சேர்கிறது, மோட்டார் ஓடுகிறது. அந்த நேரத்தில் ஒரு ஆள் கிணற்றுக்குள் இறங்கிக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தால்? சர்வீஸ் அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். அவர் அந்த வேலையைச் செய்தவர்.

மருந்தும் அங்கேயே கிடைத்தது. ஒவ்வொரு எஸ்.எம்.எஸ்ஸோடும் அது சிம் கம்பெனியின் சர்வருக்கு வந்த நேரம் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. சிம் மாட்டியிருக்கும் ஜி.எஸ்.எம். மாட்யூலிடம் கேட்டால் கொடுக்கும். இப்போதைய நேரத்தோடு ஒப்பிட்டு, பழையதென்றால் தூக்கிப்போட வேண்டியதுதான். ஒப்பிட மறுபடியும் அதே கடிகாரம் வேண்டும். ஆக ஒரு ஆர்.டி.சி. (கடிகாரச்) சிப், அதை ஓட்ட ஒரு காயின் செல் பேட்டரி, ஒரு ஹோல்டர். தாளில் ஒரு சின்னக் கட்டம் வரைந்து முடித்தோம். டை வெட்டிய பிறகு இதே முடிவு வந்திருந்தால் அந்த ஹோல்டர் மூடியில் இடித்திருக்கும், மெக்கானிக்கல் ஆட்கள் எங்களைத் துரத்தியிருப்பார்கள்.

இந்த இரண்டு சீட்டுக்காகவே கட்டுக்குக் கொடுத்த காசு செரித்துவிட்டது.

ஸ்பூஃபிங் ராஜாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு, மாற்றச் சொல்லிக் கட்டாயமும் இல்லை என்பது அவர் வாசகம். 2016-ல் மிராய் என்ற, தானாகவே பரவும் புழு சாஃப்ட்வேர், கேமராக்களையும் ரௌட்டர்களையும் இப்படிப்பட்ட தொழிற்சாலைப் பாஸ்வேர்டுகளின் சின்னப் பட்டியல் ஒன்றை வைத்தே லட்சக்கணக்கில் பிடித்தது. மொபைல் ஸ்டார்ட்டரில் எண்ணைப் பதிவு செய்ய ஒரு பின் நம்பர் வேண்டும், அதைக் கையேட்டிலேயே அச்சடிப்பது எளிய வழி. புதிய டிசைனில் பெட்டிக்கு ஒரு பின், உள்மூடியில் ஸ்டிக்கர் என்று முடிவானது. புரொடக்‌ஷன் மேனேஜர் முகம் சுளித்தார், லைனில் ஒரு வேலை கூடுகிறது என்று. ராணி இன்னும் விஷமம்: பாஸ்வேர்டை மீட்டெடுக்கும் வழியைத் தாக்குவது. விவசாயி சிம் மாற்றினால் டீலர் கடைக்குப் போன் போடுவார். கடையில் இருக்கும் பையன் புது எண்ணைப் பதிவு செய்து கொடுப்பான். போன் போட்டது விவசாயிதானா என்று பையனுக்கு எப்படித் தெரியும்? பங்காளியாகவும் இருக்கலாமே என்று இம்முறை நாங்களே சொல்லிவிட்டோம். ராணிக்கான முடிவு இன்னும் இழுபறியில்தான் இருக்கிறது. சேல்ஸ் ஆட்கள் ஓ.டி.பி. வேண்டாம் என்கிறார்கள், பழைய சிம் தொலைந்தவரிடம் ஓ.டி.பி. எங்கே போகும் என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது.

இனிக் குறைகள். கட்டு எழுதப்பட்ட காலமும் இடமும் அப்பட்டமாகத் தெரிகிறது. எலிவேஷன் ஆஃப் பிரிவிலேஜ் ஆறாம் சீட்டு மைக்ரோசாஃப்டின் சாஃப்ட்வேர் தளமான டாட்நெட்டின் பெர்மிஷன்களைப் பற்றியது. சி மொழியில் பெட்டிக்குள் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் சிப்புக்கு எழுதுகிறவளுக்கு அது வெறும் துருப்பு, வேறெதற்கும் ஆகாது. டினயல் ஆஃப் சர்வீஸ் இன்னும் மோசம். நான் அச்சடித்த பழைய பதிப்பில் மூன்று முதல் பத்து வரை எல்லாமே ஒரே சீட்டின் பேரன் பேத்திகள். தாக்கப்படுவது கிளையன்ட்டா சர்வரா, தாக்குபவர் லாகின் செய்தவரா இல்லையா, தாக்குதல் நின்றதும் சரியாகிவிடுமா ஆகாதா என்று மூன்று கேள்வியை மாற்றி மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். மூன்றாவது சீட்டுக்குள் எல்லாரும் கொட்டாவி விடுகிறார்கள். அடுத்த ஆட்டத்தில் அவற்றில் நான்கை எடுத்து வைத்துவிட்டு ஆடினோம், ஒன்றும் குறையவில்லை.

பெரிய ஓட்டை வேறு. ஸ்க்ரூ டிரைவரோடு வரும் ஆளைப் பற்றி ஒரு சீட்டும் நேராகக் கேட்பதில்லை. எங்கள் பெட்டி தோட்டத்துச் சாளையில் கம்பி வேலிக்குள் கூட இல்லாமல் தொங்கப்போகிறது. மூடியைக் கழற்றி, போர்டில் விட்டிருக்கும் சீரியல் பின்களில் (கம்ப்யூட்டரோடு பேசும் கம்பிமுனைகளில்) வயரை மாட்டினால் என்ன ஆகும்? ஃபர்ம்வேரைப் படித்து, அதற்குள் இருக்கும் ரகசியக் குறியீட்டுச் சாவியை எடுத்து, எல்லாப் பெட்டிக்கும் அதே சாவி என்றால்? இதைக் கொண்டுவர ஆஸ்தான் வழி. ஒவ்வொரு ஜாதியின் ஆஸும் காலியிடம் மாதிரி, கட்டில் இல்லாத புதுத் தாக்குதலை நீங்களே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். டாம்பரிங் ஆஸ் வைத்திருந்த ஹார்டுவேர் பெண் சீரியல் பின்களைக் காட்டினாள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஹார்டுவேர் தெரிந்தவர் கையில் ஆஸ் விழுந்தால்தான் உண்டு. எம்பெடட் (சாதனத்துக்குள் ஓடும் சிப், சாஃப்ட்வேர்) வேலைக்கு வாங்குகிறவர்கள் இரண்டு மூன்று சீட்டை நீங்களே எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். உரிமம் அனுமதிக்கிறது.

இன்னொன்று, எது பெரியது எது சின்னது என்று இந்தக் கட்டு சொல்லாது. சீட்டின் எண் ஆட்டத்துக்குத்தான், ஆபத்தின் அளவுக்கு அல்ல. ஆட்டம் முடிந்ததும் கையில் இருப்பது நீளமான பட்டியல். புள்ளி ஆசையில் எதையாவது எதிலாவது கோர்த்துவிடும் ஆட்கள் இருந்தால் இன்னும் நீளம். நாங்கள் அதற்கு இரண்டே கேள்வி வைத்துக்கொண்டோம்: ஆளுக்கு அடி படுமா? ஒரு பெட்டி போகுமா, எல்லாப் பெட்டியும் ஒன்றாகப் போகுமா? ஃபர்ம்வேர் அப்டேட்டைத் தாக்குவது இரண்டாவது கேள்வியில் முதலிடத்துக்குப் போனது. பழைய எஸ்.எம்.எஸ். முதல் கேள்வியில். லாகின் பக்கம் எங்கேயோ கீழே.

தாக்குதல்களை முன்கூட்டியே பட்டியலிட மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் த்ரெட் மாடலிங் டூல் இருக்கும்போது சீட்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: அதையும் பார்த்தேன். விண்டோஸில் மட்டும் ஓடும். படத்தை வரைந்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் தானாக ஆபத்துகளைக் கொட்டும். பெரிய படம் என்றால் நூற்றுக்கணக்கில் கொட்டும். அதில் பங்காளி வரமாட்டான். சாஃப்ட்வேர் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் த்ரெட் டிராகன் பிரவுசரிலேயே ஓடுகிறது, கோப்பு ஜேசான் என்ற எழுத்து வடிவில் இருப்பதால் புரோகிராமோடு சேர்த்து, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) டூலில் வைத்துக்கொள்ளலாம். நாங்கள் படத்தை அதில்தான் வைத்திருக்கிறோம். சீட்டில் வந்ததை அன்றே அதில் ஏற்றிவிட வேண்டும். ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர்களுக்கு இது வெறும் ஒழுங்கு சமாச்சாரமல்ல. 2024-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் வந்த சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தின் முக்கிய விதிகள் 2027 டிசம்பரிலிருந்து அமலாகின்றன, பாதுகாப்பு ஆபத்தை ஆய்ந்து எழுதிய ஆவணம் கேட்கும். ஆடினோம், பேசினோம் என்றால் ஏற்றுக்கொள்ளமாட்டார்கள்.

வாசகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில், சிலது நீட்டி முழக்கியது. சர்வீஸ் ஆளையும் புரொடக்‌ஷன் ஆளையும் உட்கார வைத்தால் ஒருவர் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். ஆட்டம் மெதுவாகும், பரவாயில்லை. அவர்களைக் கூப்பிடாமல் சாஃப்ட்வேர் ஆட்கள் மட்டும் ஆடினால் இந்தக் கட்டுக்கு நான் இரண்டு ஸ்டார்தான் கொடுப்பேன். அவர்களோடு என்றால் நான்கு.

வெறும் வெப் அப்ளிகேஷன் செய்பவர்கள் இதை விட்டுவிட்டு ஓவாஸ்பின் கார்னுகோப்பியா கட்டைப் பாருங்கள், அது அதற்கென்றே செய்தது. போர்டு, சிம், சர்வர் என்று கலந்து கட்டுபவர்களுக்கு இதுதான் சரி. அச்சடிக்கும்போது 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள அட்டை, மேட் லேமினேஷன், மூலை வளைத்து வெட்டச் சொல்லுங்கள். நான் முதலில் கொடுத்த பிரஸ்ஸில் மூலையைச் சதுரமாகவே விட்டுவிட்டார்கள், கலைக்கும்போது கையைக் கிழிக்கிறது.